சரி என்று சொன்னவள்

தென்காசி வரைக்கும்தானே, ஐயா? நல்லதாயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்களைப் பார்த்தால் பொறுமையாகக் கேட்கிறவர் போலத் தெரிகிறது. அப்படிப்பட்டவர்கள் இந்த நாளில் அரிது. ஒன்று கேட்கிறேன். தான் கைப்பிடித்துக் கூட்டிப்போன பிள்ளையே ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்தால் அவன் என்ன செய்ய வேண்டும்? உடனே பதில் சொல்ல வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது பெரும் பிழை. நான் முழுவதையும் சொல்கிறேன்.

என் பெயர் நல்லபெருமாள். கீழப்பாறைக்குளம் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆசிரியராக இருந்தேன், இருக்கிறேன். தலைமை மட்டும் போய்விட்டது. தமிழாசிரியனாகச் சேர்ந்து முப்பத்தொரு ஆண்டு. அதனால்தான் என் பேச்சு கொஞ்சம் புத்தகம் போல இருக்கும். "உப்புக் கேக்கதுக்கும் முன்னுரை வேணுமா?" என்பாள் என் மனைவி. பழகிவிட்டது, ஐயா. நாவைத் திருத்திக்கொண்டவனால் அதைத் திரும்பக் கெடுத்துக்கொள்ள முடிவதில்லை.

திங்கள்கிழமை தோறும் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் ஒரு கதை சொல்வேன். எல்லாம் நானே யோசித்தவை. ஒன்று சொல்லட்டுமா? ஒரு தச்சன் மரத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு, தன் முழக்கோலில் அரை விரற்கடை அறுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் செய்த கதவு ஒன்றுகூட எந்த வீட்டு நிலையிலும் பொருந்தவில்லை. கோலை எடுத்துப் பார்த்தானா? பார்க்கவில்லை. ஊரில் உள்ள நிலைகளையெல்லாம் திட்டிக்கொண்டே செத்துப்போனான். எப்படி? இந்தக் கதையைச் சொன்ன அன்று வெயில் சற்றுக் கடுமை. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், என்ன செய்வது? மற்றபடி என் கதைகள் என்றால் அவர்களுக்கு உயிர். 'அஞ்சு நிமிசம் சார்' என்றே எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நேரம் தவறாதவன் அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் எதற்கு, விட்டுவிடுங்கள். சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒருவராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் அழைத்து, கல்லூரிப் பாடம் ஒன்றை இலவசமாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். தேர்வும் உண்டு. தேறினால் அந்தப் பாடம் பள்ளிச் சான்றிதழிலும் ஏறும். பிற்பாடு கல்லூரியில் சேரும்போது அந்தத் தாளை மறுபடியும் எழுத வேண்டியதில்லை. ஒரு முறை படித்தால் இரண்டு இடத்தில் செல்லும். எவ்வளவு பெரிய காரியம்! நம் காலத்தில் கல்லூரி வாசலைப் பார்ப்பதற்கே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் முப்பிடாதி என்று ஒரு பெண். உயிரியல் பிரிவில் முதலாவது. தகப்பன் கேரளத்தில் தேங்காய் வெட்டுக்குப் போகிறவன், வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். தாய் பூலம்மாள் பீடி சுற்றுகிறாள். எழுத்தறிவு என்றால் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதையும் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பெண்ணைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். விலங்கியல் ஆசிரியையும் அவள் பெயரைத்தான் சொன்னார். ஆனால் முடிவு என்னுடையது.

விண்ணப்பப் படிவம் வந்தது. அதில் கடைசி வரியில், அசல் மாற்றுச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. கல்லூரியில் சேர வருகிற எல்லாரிடமும் கேட்கிற அதே படிவத்தை இந்தப் பிள்ளைகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் எழுத்தர் ஆவுடையப்பன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், அசல் டி.சி. கேக்காங்க. டி.சி.யக் கிழிச்சுக் குடுத்துட்டா அன்னையோட அது நம்ம பிள்ள இல்ல, சார்."

"ஆவுடையப்பா, தினமும் அவள் நம் வகுப்பில்தானே உட்காரப் போகிறாள்?"

"அவ உக்காருவா, சார். அவ பேரு உக்காராது. கம்ப்யூட்டர்ல தூக்கிரும். மத்த பள்ளிக்கூடத்துல நகல் போதுமான்னு கேட்டு எழுதியிருக்காங்களாம். நாமளும் எழுதிப் போடுவோம். பதில் வரட்டுமே."

பதில் வரட்டுமே! அதிகாரிகள் பதில் எழுதுகிற வேகம் உங்களுக்குத் தெரியாததா? அந்த வாரம் வெள்ளிக்கிழமை தொடக்க விழா. முதலில் வந்து சேரும் மாணவருக்கு மேடையில் சேர்க்கை அட்டை. அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்குச் சிறப்பு. எனக்காகச் சொல்லவில்லை, பள்ளிக்காகச் சொல்கிறேன். ஆவுடையப்பனை உட்கார வைத்து ஒரு கதை சொன்னேன். ஓர் ஓடக்காரன், ஆற்றின் ஆழத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு கரையிலேயே நின்றான். கேட்டு முடிப்பதற்குள் கோடை வந்து ஆறு வற்றிவிட்டது. ஓடம் மணலில் நின்றது.

அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆறு வத்திட்டுன்னா நடந்தே போயிரலாம்லா, சார்?"

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு பள்ளியை நடத்தினேன்.

மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதென்றால் பெற்றோர் கேட்டு எழுதிய விண்ணப்பம் வேண்டும். விதி அது, நான் விதியை மதிக்கிறவன். முப்பிடாதியை அழைத்து, தாயின் பெயரால் எழுதச் சொல்லி, நான் வாசகத்தைச் சொன்னேன். 'என் மகளை மேற்படிப்பின் பொருட்டு என் சுய விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விடுவித்து' என்று வந்தபோது அவள் பேனாவை நிறுத்தினாள்.

"சார், விடுவித்துன்னா? நான் பள்ளிக்கூடத்த விட்டு நிக்கணுமா, சார்?"

"அது அலுவலக நடை, அம்மா. அந்த நடையில் எழுதினால்தான் அவர்களுக்கு விளங்கும். எழுது."

எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மறுநாள் பூலம்மாள் வந்தாள், பை நிறைய முருங்கைக்காயோடு. "எங்க சார் போடணும்?" என்றாள். காட்டினேன். நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். "நீங்க சொன்னாச் சரியாத்தான் சார் இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த நம்பிக்கையை நினைத்துப் பாருங்கள், ஐயா. அதற்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவன்!

விழா சிறப்பாக நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செய்தித்தாளில் படம் வந்தது, இன்னமும் வைத்திருக்கிறேன். முப்பிடாதியின் முகமும் என் தோளுக்குப் பின்னால் பாதி தெரிகிறது. நல்ல தெளிவான படம்.

முதல் சனிக்கிழமை நானே கூடப் போனேன். யார் போவார்கள், சொல்லுங்கள்? எந்தத் தலைமையாசிரியர் தன் விடுமுறை நாளில் இரண்டு பேருந்து மாறிப் போவார்? கல்லூரி வாசலில் அவளுக்குக் கால் எழவில்லை. ஜீன்ஸ் போட்ட பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். இவள் பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல்.

"சார், நீங்களும் உள்ள வருவீங்கள்லா?"

"நான் வரக் கூடாது, அம்மா. இது உன் இடம். போ. மணி அடிக்கும் வரை நான் இங்கேயே நிற்கிறேன்."

நின்றேன், ஐயா. வாகை மரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். அன்று அவள் வெளியே ஓடிவந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

நுண்ணுயிர்ப் பாடம் அவளுக்கு. எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது, கண்ணாடி பெயர்ந்தது. அங்கே ஆளுக்கொன்று. ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்து புளித்த தோசை மாவை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோய் அதில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருக்கிறாள். திங்கள்கிழமை என் அறைக்கு ஓடிவந்தாள்.

"சார், மாவுக்குள்ள எல்லாம் உயிரோட இருக்கு, சார்! ஒண்ணுல இருந்து ஒண்ணு மொட்டு விடுது. எங்கம்மாட்ட சொன்னேன், 'போட்டி அங்க, இனி எப்படிட்டி நான் தோச திங்க?'ன்னுட்டா."

அவள் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன். அரையாண்டில் அந்தக் கல்லூரித் தேர்வில், கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து அறுபது பேரில் இரண்டாவதாக வந்தாள். காலைக் கூட்டத்தில் அவளை என் பக்கத்தில் நிறுத்தி, இந்தக் கொடி படரப் பந்தல் போட்டது யார் என்று பிள்ளைகளைக் கேட்டேன். எல்லாரும் 'நீங்கதான் சார்' என்றார்கள்.

ஜனவரியில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் வந்தது. கணினியிலிருந்து வருவது. வகுப்பில் நாற்பத்து மூன்று பேர், பட்டியலில் நாற்பத்திரண்டு. ஆவுடையப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை என் முன்னால் வைத்தார், 'மு' வரிசையில் ஒரு விரலை வைத்தார், போய்விட்டார். மனிதனுக்கு வாய் திறந்து ஆறுதல் சொல்லத் தெரியாதா? அந்த மௌனம் ஒரு விதமான திமிர், ஐயா.

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். அங்கே ஓர் அம்மையார், கண்டிப்பானவர். தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். தாய் கேட்டு வாங்கிய சான்றிதழ் என்றால் பிள்ளை பள்ளியை விட்டுப் போனதாகத்தான் அர்த்தம். இந்த ஆண்டு தேர்வு கிடையாது, அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும். பள்ளி தவறாகக் கொடுத்தது என்றால் சான்றிதழை அன்றைக்கே ரத்து செய்து பெயரைச் சேர்த்துவிடலாம். ஆனால் கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை விசாரணைக்கு வருவதாகவும், பெண்ணிடம் நேரில் கேட்பதாகவும் சொன்னார்.

இரண்டே வழி. ஒன்று அவளுக்கு ஓர் ஆண்டு. மற்றது எனக்கு முப்பத்தொரு ஆண்டு. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கும்போது! நீங்களே எடைபோட்டுப் பாருங்கள். அவளுக்கு வயது பதினேழு. அந்த வயதில் ஓர் ஆண்டு என்பது என்ன? மழைக்கு ஒதுங்கி நிற்கிற நேரம்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவளை அறைக்கு அழைத்தேன். மிரட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு கதை சொன்னேன். ஓர் ஆலமரம். புயல் வந்தது. ஒரு சின்னக் கிளை சொல்லிற்று: 'நான் முறிந்து கொடுக்கிறேன், காற்று என்னோடு போகட்டும், மரம் நிற்கட்டும்.' அந்தக் கிளையின் பேரால்தான் இன்றைக்கும் அந்த மரத்தடியில் ஆயிரம் பேர் ஒதுங்குகிறார்கள். சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவள் கேட்டாள்: "சார், நான்தான் அந்தக் கிளையா?"

புத்திசாலிப் பெண். "நாளைக்கு அந்த அம்மா கேட்கும்போது, நாங்களாகத்தான் கேட்டு வாங்கினோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அடுத்த ஆண்டு உன்னை எழுத வைப்பது என் பொறுப்பு. என் வீட்டு நூல்களெல்லாம் உனக்குத்தான்" என்றேன்.

"அப்ப மார்ச்சுல, சார்? எங்க வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எழுதும்போது?"

"நீ வீட்டிலிருந்து அமைதியாகப் படிக்கலாம், அம்மா."

புத்தகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சரி, சார்."

கேட்டுக்கொள்ளுங்கள், ஐயா. சரி சார் என்றாள். யாரும் அவள் வாயைப் பிடித்துத் திறக்கவில்லை. என் கண்ணைப் பார்த்து... கண்ணைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது, தரையைப் பார்த்தாள், அடக்கமான பெண். ஆனால் சொன்னாள். வாக்கு என்பது என்ன? வாயிலிருந்து புறப்பட்டுவிட்டால் அது சொன்னவனுக்குச் சொந்தமில்லை, கேட்டவனுக்குச் சொந்தம். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வளருங்கள். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை. என் அறை, என் மேசை. என் நாற்காலியில் அந்த அம்மையார். நான் பக்கத்தில் மர நாற்காலியில். விண்ணப்பம் மேசை மேல் விரிந்து கிடக்கிறது. முப்பிடாதி உள்ளே வந்தாள். நான் புன்னகை செய்தேன், தைரியம் கொடுப்பதற்காக.

"இது உங்க அம்மா எழுதினதாம்மா?"

"இல்ல, மேடம். நான் எழுதுனது. சார் சொல்லச் சொல்ல எழுதுனேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"அம்மாதானே டி.சி. வேணும்னு கேட்டாங்க?"

"எங்கம்மாக்கு டி.சி.ன்னா என்னன்னே தெரியாது, மேடம். சனிக்கிழம பஸ்ஸுல போறதுக்குக் கையெழுத்துன்னு நெனச்சுப் போட்டா."

"நீ பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கணும்னு நெனச்சியா?"

"ஒரு நாளும் நெனைக்கல, மேடம். ஒரு நாள்கூட லீவு போடல. வருகைப் பதிவேட்டப் பாருங்க. எனக்கு மார்ச்சுல எழுதணும், மேடம்."

மேடைப் பேச்சு போலத் தெளிவான குரல். அந்தக் குரலை யார் கொடுத்தது? மூன்று ஆண்டு பேச்சுப் போட்டிக்கு அவளைப் பழக்கியவன் யார்?

அந்த அம்மையார் பேனாவை மூடிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டார்: "நேத்து யாராவது உன்னைக் கூப்பிட்டு, இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

"இல்ல, மேடம். யாரும் ஒண்ணும் சொல்லல."

பார்த்தீர்களா? பார்த்தீர்களா, ஐயா? அங்கே ஒரு பொய்! அதிகாரியின் முகத்துக்கு நேரே, கூசாமல் ஒரு பொய்! உண்மைதான் பேசுவேன் என்று புறப்பட்டவள் என்றால் அங்கேயும் உண்மை பேச வேண்டாமா? அப்படியென்றால் அவள் சொன்ன மற்றவற்றுக்கு என்ன மதிப்பு? இதை நான் யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் எனக்குத்தான் கேடு. ஆகவே வாய் மூடி இருந்தேன். அந்தப் பொய்யின் பாரத்தை இன்றுவரை நான்தான் சுமக்கிறேன். என்ன சொன்னீர்கள்? இல்லை, அவள் எனக்காகச் சொன்னாள் என்று நான் கொள்ளவில்லை. எனக்காகப் பேசுகிறவளாக இருந்தால் முதல் கேள்விக்கே பேசியிருப்பாள்.

வெளியே நடையில் எனக்காக நின்றிருந்தாள். "சார், நேத்து பயத்துல சரின்னுட்டேன். ராத்திரி எல்லாம் யோசிச்சேன், சார். என்னால முடியல. மன்னிச்சிருங்க." நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனை. ஆசிரியர்கள் அறிந்த தண்டனை.

அன்று மாலையே சான்றிதழ் ரத்தானது. பட்டியலில் நாற்பத்து மூன்றாவது பெயர் ஏறியது. வகுப்பில் பிள்ளைகள் கை தட்டிய சத்தம் என் அறை வரை கேட்டது. ஒரு பெண் தன் குருவை விட்டுக்கொடுத்துவிட்டு வந்ததற்குக் கைதட்டல்! இந்தத் தலைமுறையை நினைத்து நான் அன்றைக்கு அழுதேன்.

பத்து நாளில் எனக்கு ஆணை வந்தது. தலைமைப் பொறுப்பு பறிபோயிற்று. மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கு மாறுதல். கூடவே பதினேழு பி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அரசு ஊழியனைப் பெரிய தண்டனைக்கு நிறுத்துகிற குறிப்பாணை. பதில் சொல்ல இந்த வாரம் கடைசி. மாலையிட்ட கழுத்தில் இப்படியொரு கயிறு.

அதனால்தான் இன்றைக்குக் கீழப்பாறைக்குளம் போனேன். பூலம்மாளின் வீட்டுக்கு. பகையோடு போகவில்லை, ஒரு தாளோடு போனேன். நானே தட்டச்சுச் செய்தது. 'டி.சி.யை என் சுய விருப்பத்தின் பேரில் நானே கேட்டு வாங்கினேன். என் மகள் சிறுபிள்ளைத்தனத்தால் விசாரணையில் மாற்றிச் சொல்லிவிட்டாள்.' நான்கே வரி. கீழே கையெழுத்துக்கு இடம். அந்தத் தாயின் நன்றியுணர்ச்சியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தாள். "வாங்க சார், வாங்க. என்ன சார் இப்படி மெலிஞ்சிட்டிய? ஏட்டி, சாருக்குக் காப்பி போடு." உள்ளே அந்தப் பெண் புத்தகத்தோடு இருந்திருக்கிறாள். அடுப்பங்கரைக்குப் போவது கேட்டது. நான் தாளை நீட்டினேன். பூலம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எங்க சார் போடணும்?"

காட்டினேன். பேனாவைக் கொடுத்தேன். நாக்கை மடித்துக் கடித்தாள். 'பூ' போடக் கையை வைத்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

"ஏட்டி முப்பிடாதி, இங்க வா. சார் ஒரு தாள் கொண்டாந்திருக்காக. என்னன்னு வாசி."

"பிள்ளை படிக்கட்டும், அம்மா. இதற்கு அவளை எதற்குத் தொந்தரவு செய்வது?"

"அவ வாசிச்சாத்தான சார் எனக்கு விளங்கும். முன்னால ஒண்ணு விளங்காமப் போட்டுட்டேன்லா. ஒங்களுக்கும் கஷ்டமாப் போச்சு."

அந்தப் பெண் காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, தாளை வாங்கி, நின்றபடி வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு ழகரம் ளகரம் பிசகாமல் வாசித்தாள். முடித்ததும் பூலம்மாள் கேட்டாள்: "சுய விருப்பம்னா என்னட்டி?"

"நீயா ஆசப்பட்டு என்னையப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டினியாம், அம்மா."

"நானா?"

நானா என்றாள். சுளகில் கிடந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், மிகவும் மரியாதையாகத்தான், கேட்டாள்:

"சார், நீங்க பெரியவுக. பொய் சொல்ல மாட்டிய. இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இவ பரீச்ச எழுதலாமா?"

நான் உண்மையைத்தான் சொன்னேன், ஐயா. "அது மேலிடத்தின் முடிவு, அம்மா" என்றேன். முடிவெடுக்கிற இடத்தில் நானா இருக்கிறேன்?

அவள் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, மூடி, என் பக்கத்தில் வைத்தாள். "காப்பி ஆறுது, சார். குடிங்க."

அவ்வளவுதான். போட மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு கதை சொல்லிப் புரிய வைத்திருப்பேன். முருங்கைக்காயோடு வந்து கும்பிட்ட பெண், ஐயா! மகள் ஒரு முறை. தாய் ஒரு முறை. ஒரே வீட்டில் ஒரு மனிதன் எத்தனை முறைதான் ஏமாறுவான்?

தாளை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேனே. கொஞ்சம் தள்ளியே நின்றாள். இந்தப் பேருந்து வளைவில் திரும்பியபோது பக்கத்தில் வந்தாள்.

"சார், நாளைக்கு மொதப் பரீச்ச. தமிழ்."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்கும்படி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு என் காலில் விழுந்தாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க, சார்."

நீங்கள் அந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்? ஏறும்போதே கவனித்தேன். நீங்களே சொல்லுங்கள். என் வலது கையில் அந்தத் தாள் இருந்தது. மடிக்கக் கூடாத தாள். இன்னும் வேறு யாரையாவது வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். இடது கையால் ஆசி கொடுக்கிற வழக்கம் நம்மில் இல்லையே. நடத்துநர் ஒரு முறை விசில் கொடுத்தார். "பெரியவரே, வாறியளா இல்லையா?" என்று கேட்டார். இரண்டாம் முறையும் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை, ஐயா. நான் ஏறிவிட்டேன்.